எதையும் எறியாதவள்

கல்யாணமாகிப் பினாங்கில் வந்து இறங்கிய மறுநாள் காலை, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் பின்வாசலுக்குப் போனேன். சாக்கடைப் பக்கம் சட்டியைச் சாய்க்கும்போதே, "ஐயோ, கொட்டாத! கொட்டாத!" என்று ஒரு கூச்சல். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். முழங்கை வரை மண். புதுக் குடித்தனத்தில் என்ன குற்றம் செய்தேனோ என்று பயந்து சட்டியோடு நின்றுவிட்டேன். அவள் வேலி இடுக்கில் கையை நீட்டிச் சட்டியை வாங்கினாள். தண்ணீரைக் கத்திரிச் செடிகளின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காலிச் சட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"புதுப் பொண்ணா? சாப்பிட்டியா?"

அன்று மாலையே எங்கள் பின்வாசலில் ஒரு பழைய மண்பானை வந்து உட்கார்ந்தது. கழுநீர், சோற்றுக் கஞ்சி, பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் ஊற்ற வேண்டும். நான் சரியென்று சொல்வதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை.

டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் பலகை வீட்டு வரிசை. என் கணவர் சூலியா தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. அவளுடைய வீட்டுக்காரர் துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்குபவர்; அதிகம் பேசமாட்டார். அவர்களுக்கு ஒரே பெண், எட்டு ஒன்பது வயதிருக்கும். பெண்ணின் அம்மாவை வரிசையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் கீரையக்கா.

வரிசையின் கடைசி வீடு அவளுடையது. அதனால் பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் இடம் கூடுதல். அவர்கள் குடிவந்தபோது அது நிலமாகவே இல்லையாம். கரித்தூளும் உடைந்த ஓடும் கிளிஞ்சலும் கொட்டிக் கிடந்த மேடு. நான் பார்த்தபோது அங்கே கத்திரி, வெண்டை, பயற்றங்காய், பாகல், சேம்பு எல்லாம் இருந்தன. குளித்த தண்ணீர் ஓடும் வழியில் வாழை. சாக்கடை ஓரத்து ஈரத்தில் கங்கோங் கீரை. வேலி முழுக்கப் பசலை. ஓர் அடி மண்கூடச் சும்மா கிடக்கவில்லை. அத்தனை மண்ணையும் அவளே உண்டாக்கினாள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அவள் எதையும் எறியமாட்டாள். அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். பாசார் சந்தையிலிருந்து அவள் திரும்பிவரும்போது காக்கைகள் பின்னாலேயே வரும். கூடையில் மீன் குடலும் இறால் தோலும் இருக்கும். மீன்காரிகள் அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். முனையிலிருந்த சீனன் காப்பிக்கடையில் காப்பி மண்டியை ஒரு டின்னில் சேர்த்துக் கொடுப்பார்கள். மாட்டுவண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சாணம் அள்ளி வருவாள். ஒருநாள் நாவிதர் கடையில் கூட்டிய மயிரைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தபோது, வரிசையில் இருந்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

எல்லாம் வீட்டுப் பின்னாலிருந்த ஒரு குழிக்குள் போகும். ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு சாணம், மேலே சாம்பல், மறுபடியும் குப்பை. ஒருநாள் என் கையைப் பிடித்து அதற்குள் நுழைத்தாள். அருவருப்பாக இருந்தது. உள்ளே கதகதவென்று சூடு.

"பாத்தியா? வேலை செய்யுது," என்றாள். அவள் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அவள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் அவமானம். "ஊருல உள்ள நாத்தத்தயெல்லாம் தலையில சொமந்துகிட்டு வர்றா," என்று ஒருமுறை என் கணவரிடம் சொன்னார். அது அவள் காதில் விழுந்தது.

"தூக்கிப் போடுன்னா எங்க போடுறது? எங்க போட்டாலும் அது பூமி மேலதான கெடக்கும்," என்றாள். சண்டைக்குச் சொன்னதுபோல இல்லை. உண்மையிலேயே அவளுக்கு அது விளங்கவில்லை.

அவளுடைய பழைய கதை எனக்கு முழுதாகத் தெரியாது. அவள் கதை சொல்கிறவள் இல்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், சுங்கை பாக்காப் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள் என்று தெரியும். அங்கே லயத்துக்குப் பின்னால் பூசணி போட்டிருந்தாளாம். கொடி படர்ந்து பிஞ்சு இறங்கும் நேரத்தில் அவள் புருஷனுக்கும் கங்காணிக்கும் ஏதோ தகராறு. அன்றைக்கே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பிறகு பத்து காவான் என்ற ஊரில் ஒரு தோட்டம். அங்கே மரவள்ளி. கிழங்கு வைக்கும் முன் அங்கிருந்தும் கிளம்பினார்கள்.

"வச்சத நான் தின்னதே இல்ல புள்ள," என்றாள் ஒருநாள், பயற்றங்காயைப் பறித்தபடி. "இங்கதான் மொத மொதல்ல தின்னேன்."

அடுத்த கொடிக்கு நகர்ந்துவிட்டாள்.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். அவர்கள் பட்டணத்துக்கு வந்து சாலையோரங்களில் படுத்துக் கிடந்தார்கள். துறைமுகத்தில் கப்பல் குறைந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் பெரிது. என் கணவரின் கடையில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள், பாதிச் சம்பளத்தில். அப்போதுதான் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தான்.

அந்த நாட்களில் எங்கள் வரிசை அவள் தோட்டத்தைத்தான் தின்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன பெண்களே வேலி ஓரம் வந்து நின்றார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது.

"தோலு, காம்பு, பழுத்த எல, எல்லாம் திரும்பி வரணும். சாம்பலும் குடுங்க. வாங்கிட்டே இருந்தா மண்ணு என்ன பண்ணும்?"

தினமும் வீடு வீடாகப் போய் வாளியில் வாங்கி வருவாள். எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்த வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லை என்பதெல்லாம் அந்த வாளியில் தெரியும். வாளியில் ஒன்றும் விழாத வீட்டுக்குச் சாயங்காலம் சேப்பங்கிழங்கோ மரவள்ளியோ போகும்.

எனக்குப் பால் போதவில்லை. அவள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டு வந்து, என்னை எழவிடாமல், எங்கள் அடுப்பிலேயே ஆக்கிக் கொடுப்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பையனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். அவன் அவள் கைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வான். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் மண் இருக்கும். "வேணாண்டா, இது கறுப்பு விரலு," என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுவாள். அவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். அந்தக் கொடும் பஞ்சத்தில் எங்கள் வரிசையில் சதைப்பிடிப்பாக இருந்த ஒரே பிள்ளை அவன்தான். அது அவள் தோட்டத்து உடம்பு.

தை, மாசியில் பினாங்கில் மழை இருக்காது. அந்த வருஷம் தெருக்குழாயில் தண்ணீர் குறைந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வந்து, குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். அவளோ இப்படி வரும் என்று தெரிந்தவள்போல, ஐப்பசி மழையிலிருந்தே தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். உடைந்த ஜாடி, மண்ணெண்ணெய் டின், துறைமுகத்தில் கழித்துப்போட்ட மரப் பீப்பாய், கைப்பிடி போன குண்டான் என்று கூரையிலிருந்து சொட்டு விழும் இடமெல்லாம் பாத்திரங்கள். பிறர் எறிந்ததெல்லாம் அங்கே தண்ணீர் நிறைந்து நின்றது.

ஒரு காலையில் கொசு பார்க்கிற இன்ஸ்பெக்டர் வந்தான். காக்கிச் சட்டை போட்ட தமிழ்ப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். ஒரு ஜாடிக்குள் கரண்டியை விட்டு மொண்டு எங்களிடம் காட்டினான். தண்ணீரில் நூல் துண்டுகள்போலச் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன.

"அக்கா, இதான் கொசுவா பறக்கும். காய்ச்சல் இதுலேர்ந்துதான் வருது. எல்லாத்தயும் கவுத்துடுங்க."

"தம்பி, இது செடிக்கு வச்ச தண்ணி. குடிக்கிறது இல்ல."

"குடிச்சா வர்றது இல்லக்கா. கொசு கடிச்சா வர்றது. அடுத்த தடவ பாத்தா கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும். எனக்கு வேற வழியில்ல."

அவள் அவனையும் ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தத் தண்ணி போச்சுன்னா இந்த வரிசையே பட்டினிதான் தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போகவில்லை.

அவள் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக, செடி செடியாகப் பார்த்து, வீணாகாத இடத்தில் ஊற்றிக் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு கிணற்றுக்குப் போய் இடுப்பில் குடம் சுமக்க ஆரம்பித்தாள்.

மாசி கழிவதற்குள் என் பையனுக்குக் காய்ச்சல் கண்டது.

முதல் நாள் சாதாரணச் சூடுதான் என்று நினைத்தோம். மறுநாள் கண்ணைத் திறக்கவில்லை. பால் குடிக்கவில்லை. பிறகு இழுப்பு வந்தது. என் கணவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அவள் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். விடியும்போது அவன் இல்லை.

எங்கள் பக்கம் மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாரில் பால் கட்டி வலித்தது. அவள் எங்கள் வாசற்படியில் வந்து நின்றாள். வா என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண், "அத்தன ஜாடி வச்சிருந்தா பின்ன என்ன ஆவும்?" என்றாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். படியில் நின்றவள் நகர்ந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கடப்பாரையால் ஜாடிகளை உடைத்துக்கொண்டிருந்தாள். டின்களை நசுக்கினாள். பீப்பாயைப் பலகை பலகையாகப் பிரித்துப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அவள் விரலைப் பார்த்தால் அவன் அதைப் பிடித்திருந்தது கண்ணில் வந்து நிற்கும்.

தினமும் காலையில் எங்கள் வாசலில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. நான் எடுக்கவில்லை. வெயில் ஏறி அது வாடித் துவண்டு கிடக்கும். மத்தியானம் அவள் வந்து, எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல், அதை எடுத்துக்கொண்டு போவாள். குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவாள். மறுநாள் காலையில் புதுக் கட்டு இருக்கும். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல் அந்தக் கட்டை எடுத்துத் தெருச் சாக்கடையில் வீசினேன். அவள் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து, குனிந்து, சாக்கடைக்குள் கைவிட்டு எடுத்து, குழாயில் கழுவி, எடுத்துப்போனாள். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. அவள் செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று என்பதுபோல இருந்தது.

இப்படி எத்தனை வாரம் போயிற்றோ. ஒரு மாலை என் கணவர் பசியோடு கடையிலிருந்து வந்தார். வாசலில் கிடந்த கீரையை எடுத்து உள்ளே வைத்தார்.

"புள்ள போயிட்டான். நாம இருக்கோம்ல," என்றார்.

அதை ஆக்கினேன். இருவரும் சாப்பிட்டோம். காம்பையும் பழுத்த இலையையும் பின்வாசல் பானையில் போட்டேன். மறுநாள் பானை காலியாக இருந்தது.

தண்ணீர் சுமந்து சுமந்து அவள் பாதித் தோட்டத்தைக் காப்பாற்றினாள். வெண்டையும் பாகலும் காய்ந்துபோயின. சேம்பும் கீரையும் நின்றன. மழை வந்து எல்லாம் மறுபடியும் துளிர்த்த சமயத்தில், ஊருக்குத் திரும்பும் கூலிக்காரர்களுக்கு இலவசக் கப்பல் என்ற செய்தி வந்தது. அவள் வீட்டுக்காரர் அவளைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். எனக்குச் செய்தி சொன்னது அவள் பெண். "நாங்க நாகப்பட்டணம் போறோம். அம்மா அழுவல," என்றாள்.

கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் காலை அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். கையில் ஒன்றுமில்லை.

"தங்கச்சி, புள்ளய வச்ச எடத்தக் காட்டுறியா?"

"நான் போனதில்லக்கா."

"எனக்காக வா."

வழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கணவர் எனக்கு அடையாளம் சொல்லியிருந்தார்: மதில் ஓரம், பெரிய வாகை மரத்துக்கு அடுத்து. இருவரும் நடந்தே போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த இடத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கல் எதுவும் வைக்க எங்களிடம் வசதியில்லை. ஒரு செங்கல் மட்டும் இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அவள் மண்ணில் உட்கார்ந்தாள்.

"இன்ஸ்பெக்டர் தம்பி வந்தன்னிக்கு எல்லாத்தயும் கவுத்தேன்ல? ஒண்ண கவுக்கல. வாழைக்குப் பின்னால ஒரு பீப்பா. கோணியப் போட்டு மூடி வச்சிட்டேன். அந்தத் தண்ணிய நம்பி நாத்து விட்டிருந்தேன். ஒரு மாசம் தள்ளிட்டா போதும்னு நெனச்சேன்."

வாழைக்கு நேரே எங்கள் ஜன்னல். அவன் தொட்டில் அந்த ஜன்னலோரம்தான் தொங்கியது. அவளுக்கும் அது தெரியும்.

"ஒடைக்கிறப்ப கோணிய எடுத்துப் பாத்தேன். உள்ள நெளிஞ்சுச்சு."

நான் செங்கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினேன். "எந்தக் கொசு, எந்தத் தண்ணின்னு யாருக்குக்கா தெரியும்?" என்றேன். அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தெரியவில்லை.

"அப்படிச் சொல்லாத," என்றாள் உடனே. "அதச் சொல்லிச் சொல்லித்தான் நானே இத்தன நாளா தூங்குறேன். எம் பொண்ணு அந்தப் பீப்பாவுக்குப் பக்கத்துலயே வெளயாடிக்கிட்டு கெடந்தா. அவளுக்கு ஒண்ணும் வரல. அவளப் பாக்குறப்பெல்லாம் எனக்கு..."

நான் அவளைத் தொடவில்லை. அவளும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மேலே வாகை மரம் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். வழியில் சாலையைக் கடக்கும்போது ஒரு மாட்டுவண்டி வேகமாக வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். சாலை கடந்த பிறகும் கொஞ்ச தூரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் உதறவில்லை.

அன்று இரவு என் கணவரிடம் பீப்பாயைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லை. தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் மூட்டையும் முடிச்சும் பிள்ளைகளுமாக நின்றார்கள். கப்பல் தள்ளி நின்றது. சின்னப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். எப்படிப் போய் நின்றேன் என்று தெரியாது. அவள் வீட்டுக்காரர் மூட்டையோடு முதலில் இறங்கினார். பெண்ணை இறக்கிவிட்டார். கீரையக்கா படியில் நின்று திரும்பினாள். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தாள்.

"போறேன் தங்கச்சி," என்றாள்.

எங்கள் வழக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் வர்றேன் என்று சொல்லமாட்டார்கள். அவளுக்கு அது தெரியாததல்ல. என்னிடம் வேறுவிதமாகச் சொல்ல இனித் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாள். படகுக்காரன் கையைப் பிடித்து இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினான். அவள் இறங்காமல் நின்றாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லுங்கக்கா," என்றேன்.

அவள் உதடு அசைந்தது. கூட்ட இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னாள், பார்த்தேன். பிறகு இறங்கிப் படகில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் பினாங்குக்கு வரவே இல்லை. வருவாள் என்று நினைத்து நானும் அதைச் சொல்லச் சொல்லவில்லை.